ரிஸ்க் ஆட்டத்தில் முதல் ஆளாக வெளியே போகாமல் இருக்க

உலக வரைபடத்தை விரித்து, படைகளை அடுக்கி, பகடை உருட்டி நாடு நாடாகப் பிடிக்கும் ரிஸ்க் ஆட்டத்தில் முதல் ஒன்பது தடவையும் நான் தோற்றேன். சேலத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம், மே மாதம் ஏற்காட்டில் சித்தப்பா வீட்டில் என்று ஆடும் இடம்தான் மாறியது. பெரும்பாலும் முதலில் வெளியே போவது நான். பெரும்பாலும் ஜெயிப்பது சித்தப்பா. எனக்குப் பகடை விழுவதில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தோற்றுவிட்டு, தோற்றவனுக்குரிய வேலையான காப்பி போடுவதை முடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பாதி நேரம் வரைபடத்தையே பார்க்கவில்லை. யார் கையில் எத்தனை சீட்டு இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். நீங்களும் ஒன்பது ஆட்டம் தோற்க வேண்டாம்.

1. பெட்டியைத் திறந்து எண்ணுங்கள்

புதுப் பெட்டி என்றால் இரண்டு மூன்று இடங்களில் விலை ஒப்பிட்டு வாங்குங்கள். ஐந்து பேர் பங்கு போட்டால் பெரிய தொகையாகத் தெரியாது. பெட்டி யார் வீட்டில் இருக்கும் என்பதை மட்டும் காசு கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பழைய பெட்டியில்தான் ஏமாறுவோம். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒருவரிடம் வாங்கி வந்தேன். வீட்டில் எண்ணினால் ஐந்து சீட்டுகள் இல்லை. 42 நாடுகளுக்கு 42 சீட்டு, அதோடு 2 ஜோக்கர், ஆக 44 இருக்க வேண்டும். சில பதிப்புகளில் ரகசியப் பணிச் சீட்டுகள் தனியாக வரும், அவற்றை இதோடு சேர்த்து எண்ணாதீர்கள். பகடை ஐந்து: தாக்குபவருக்கு மூன்று, தடுப்பவருக்கு இரண்டு. விதிப் புத்தகம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படைக்காய்கள் குறைந்தால் கவலை இல்லை. எங்கள் பெட்டியில் கறுப்புக்கு ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையும், வெள்ளைக்கு ஜவ்வரிசியும் போர் செய்கின்றன. சேலத்தில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்.

2. விதிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் ஆடி, இரவு பத்து மணிக்கு மாமாவும் அக்காவும் (கணவன் மனைவிதான்) பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு விதி மாறும். ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்து எழுதுங்கள்.

முதலாவது, சீட்டு செட்டின் மதிப்பு, அதாவது நாடு பிடித்துச் சேர்த்த சீட்டில் பொருந்தும் மூன்றைக் கொடுத்தால் எத்தனை படை கிடைக்கும் என்பது. ஒரு முறையில் அது ஏறிக்கொண்டே போகும்: ஆட்டத்தில் மாற்றப்படும் முதல் செட்டுக்கு 4 படை, அடுத்ததற்கு 6, பிறகு 8, 10, 12, 15, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஐந்தாகக் கூடும். யார் மாற்றினாலும் கணக்கு பொது. இன்னொரு முறையில் சீட்டில் உள்ள படத்தைப் பொறுத்து மதிப்பு நிலையானது: மூன்று சிப்பாய் 4, மூன்று குதிரை 6, மூன்று பீரங்கி 8, மூன்றிலும் ஒவ்வொன்று இருந்தால் 10. இரண்டும் வேறு வேறு ஆட்டம் என்றே சொல்லலாம். நான் இங்கே சொல்வதெல்லாம் ஏறும் கணக்குக்கு.

இரண்டாவது, சுற்றின் கடைசியில் படை நகர்த்துவது. பக்கத்து நாட்டுக்கு மட்டுமா, உங்கள் நாடுகள் தொடர்ந்து இருந்தால் எவ்வளவு தூரமும் போகலாமா? மூன்றாவது, உலகம் முழுவதையும் பிடித்தால்தான் வெற்றியா, ரகசியப் பணியை முடித்தாலே போதுமா?

3. மூன்று மணிக்கே உட்காருங்கள்

ஐந்து பேர் ஆடினால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, நான்கும் ஆகும். சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு ஆரம்பித்தால் கடைசியில் ஆட்டத்தைத் தூக்கம்தான் முடித்து வைக்கும். நடுவில் ஒரே ஒரு இடைவேளை, அதில் தட்டு வடை செட். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுச் சீட்டைத் தொடச் சொல்லுங்கள். எங்கள் பிரேசில் சீட்டில் சட்னிக் கறை இருப்பதால் அது யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

4. கண்டத்தின் போனஸை விட வாசலைப் பாருங்கள்

ஒரு கண்டம் முழுவதும் உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு சுற்றும் கூடுதல் படை வரும். அதைக் காக்க எத்தனை வாசலில் ஆள் நிறுத்த வேண்டும் என்பதைத்தான் புதியவர்கள் பார்ப்பதில்லை. இதை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியா: 4 நாடு, போனஸ் 2, வாசல் 1
தென் அமெரிக்கா: 4 நாடு, போனஸ் 2, வாசல் 2
ஆப்பிரிக்கா: 6 நாடு, போனஸ் 3, வாசல் 3
வட அமெரிக்கா: 9 நாடு, போனஸ் 5, வாசல் 3
ஐரோப்பா: 7 நாடு, போனஸ் 5, வாசல் 4
ஆசியா: 12 நாடு, போனஸ் 7, வாசல் 5

ஏழு என்ற எண்ணைப் பார்த்துத்தான் நான் ஒவ்வொரு தடவையும் ஆசியாவுக்குப் போனேன். ஐந்து வாசலையும் காப்பது என்பது சேலம் ஐந்து ரோட்டில் ஒரே ஆள் நின்று எல்லாப் பக்கத்து வண்டியையும் நிறுத்துவது மாதிரி. ஆசியா முழுதாக என் கையில் ஒரு சுற்றுகூட நின்றதில்லை. அதாவது அந்த ஏழு படையை நான் ஒருமுறைகூட வாங்கியதில்லை. ஆசியாவை ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

தென் அமெரிக்கா நம் ஏற்காடு மாதிரி. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு வழியாக ஒரு பாதை, குப்பனூர் வழியாக இன்னொரு பாதை. இங்கேயும் வடக்கே வெனிசுலா ஒரு வாசல், கிழக்கே பிரேசில் ஒரு வாசல். பிரேசிலில் காவல் நிற்பதை விட ஒரு அடி தள்ளி வட ஆப்பிரிக்காவில் போய் நில்லுங்கள். பிரேசிலுக்கும் காவல் ஆகிவிடும், ஆப்பிரிக்காவை வேறு யாரும் முழுதாகப் பிடிக்கவும் முடியாது. ஒரே படை இரண்டு வேலை செய்யும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே தந்திரம்தான். இந்தோனேசியாவில் நிற்பதற்குப் பதில் சியாமில் நின்றால் (புதிய வரைபடங்களில் தென்கிழக்கு ஆசியா என்று இருக்கும்) வாசலும் அடைபடும், ஆசியா போனஸும் யாருக்கும் போகாது. ஒரே ஒரு குறை உண்டு. ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். வெளியே வர ஒரே வழி, அதையும் மற்றவர்கள் அடைத்துவிட்டால் கடைசி வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வட அமெரிக்கா நடு ஆட்டத்துக்கு நல்ல சொத்து. ஐந்து போனஸுக்கு மூன்றே வாசல். அலாஸ்காவை மறந்துவிடாதீர்கள். வரைபடத்தின் இடது ஓரத்து அலாஸ்காவிலிருந்து வலது ஓரத்துக் கம்சாட்காவுக்கு வழி உண்டு. புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் இந்தக் கோட்டில் ஒரு தடவையாவது அடி வாங்குவார்கள்.

5. பாசத்தில் படை வைக்காதீர்கள்

ஐந்து பேர் ஆடினால் ஆளுக்கு 25 படை, நான்கு பேர் என்றால் 30, மூன்று பேர் என்றால் 35. இதை வைக்கும்போதே பாதி ஆட்டம் தீர்மானமாகிவிடுகிறது.

தம்பி ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் படையை இந்தியாவில் வைப்பான். "நம்ம நாடுங்க, வேற எங்க வைக்கறது?" என்பான். இந்தியாவைச் சுற்றி மத்தியக் கிழக்கு, ஆப்கானிஸ்தான், சீனா, சியாம் என்று நான்கு பக்கமும் ஆள். அதைப் பிடித்து வைத்திருப்பதால் தனியாக எந்தப் போனஸும் இல்லை. தேசப்பற்றை ஆகஸ்ட் 15க்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம், கேட்பதாயில்லை.

எந்தச் சிறிய கண்டத்தில் உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு நாடு இருக்கிறது, அதற்கு வேறு யார் குறிவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே கண்டத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் இரண்டு பேரும் அழிவார்கள், மூன்றாமவர் பிழைப்பார். முதலில் உட்கார்ந்தது நீங்கள் இல்லை என்றால் எழுந்து வேறு இடம் பாருங்கள்.

6. ஒரு நாட்டின் விலை என்ன?

நான் கடைசியாகக் கற்றதும் முதலிலேயே கற்றிருக்க வேண்டியதும் இந்தக் கணக்குதான்.

மூன்று பகடையால் தாக்கி, எதிராளி இரண்டு பகடையால் தடுத்தால், இரண்டு படையையும் அவர் இழக்க 37 சதவீத வாய்ப்பு, இரண்டு படையையும் நீங்கள் இழக்க 29 சதவீதம், ஆளுக்கொன்று போக 34 சதவீதம். சமமாக விழுந்தால் தடுப்பவருக்கே வெற்றி, அப்படியும் மூன்று பகடை இருந்தால் தாக்குபவர் கை சற்று ஓங்கியிருக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்றால் ஜெயிக்க 66 சதவீதம். ஆனால் இரண்டு பகடையால் இரண்டைத் தாக்கினால் உங்கள் இரண்டும் போக 45 சதவீதம். ஒன்றுக்கு ஒன்று என்றால்கூட உங்களுக்கு 42தான். ஆகவே மூன்று பகடை உருட்ட முடியாதபோது தாக்குவதை நிறுத்துங்கள். மூன்று உருட்ட அந்த நாட்டில் குறைந்தது நான்கு படை வேண்டும்.

சரி, ஒரு நாட்டைப் பிடிக்க எவ்வளவு செலவாகும்? எதிரியின் ஒற்றைப் படை நிற்கும் நாட்டைப் பிடிக்கச் சராசரியாக அரைப் படை சாகும், பிடித்த நாட்டில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் மேலே போக முடியும், ஆக ஒன்றரை. இரண்டு படை நின்றால் இரண்டரை. மூன்று நின்றால் மூன்றேகால் சொச்சம். ஆட்டத்தின் நடுவில் பின்னம் போட்டுக்கொண்டிருக்க முடியாது, அதனால் நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன்: போகும் வழியில் எதிரிப் படைகள் எத்தனை, நாடுகள் எத்தனை, இரண்டையும் கூட்டு. அதற்கு மேல் மூன்று நான்கு படை மிஞ்சினால் கிளம்பு, இல்லாவிட்டால் உட்கார். ஆறு நாடு, ஒவ்வொன்றிலும் ஒற்றைப் படை என்றால் 12, கைக்காவலுக்கு 3, மொத்தம் 15. உண்மையில் இதை விடக் குறைவாகத்தான் செலவாகும். கெட்ட பகடைக்கு அந்த மிச்சம் உதவும்.

7. சும்மா நிலம் சேர்க்காதீர்கள்

ஒவ்வொரு சுற்றும் உங்கள் நாடுகளை மூன்றால் வகுத்து அத்தனை படை தருவார்கள், குறைந்தபட்சம் மூன்று. அப்படியானால் நான்கு நாடு வைத்திருப்பவருக்கும் 3, பதினொரு நாடு வைத்திருப்பவருக்கும் 3. பன்னிரண்டாவது நாட்டில்தான் அது 4 ஆகிறது. ஐந்து பேர் ஆடினால் ஆளுக்கு எட்டு அல்லது ஒன்பது நாட்டோடு தொடங்குவீர்கள். ஒன்பதைப் பதினொன்று ஆக்க ஐந்து படையைச் சாகக் கொடுத்தால் உங்களுக்கு வருமானம் ஒரு படைகூட அதிகமாகாது.

நாடு பிடித்தால் கிடைப்பது சீட்டு. அதுவும் ஒரு சுற்றில் ஒன்று பிடித்தாலும் ஏழு பிடித்தாலும் ஒரே சீட்டுதான். ஆகவே ஆரம்பத்தில் சுற்றுக்கு ஒரு நாடு போதும். ஆள் குறைவான நாடாகப் பார்த்துப் பிடியுங்கள், சீட்டை வாங்குங்கள், மிச்சப் படையை வாசலில் குவியுங்கள். உள்நாடுகளில் ஒன்று ஒன்று நின்றால் போதும். எல்லா இடத்திலும் மூன்று மூன்றாகப் பரப்பி வைப்பது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

8. சீட்டை எப்போது மாற்றுவது

ரம்மி ஆடியவர்களுக்கு இந்தப் பகுதி சுலபம். மூன்றும் ஒரே படமாக இருக்கலாம், அல்லது மூன்றும் வேறு வேறாக இருக்கலாம், ஜோக்கர் எதற்கும் பொருந்தும். ஐந்து சீட்டு சேர்ந்தால் அதில் ஒரு செட் கட்டாயம் இருக்கும், சுற்றின் தொடக்கத்தில் கையில் ஐந்து இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் சீட்டில் உள்ள நாடு உங்களுடையதாக இருந்தால் அந்த நாட்டில் இரண்டு படை கூடுதல். இதைக் கேட்டு வாங்குங்கள், யாரும் தானாக ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

மூன்று சீட்டு சேர்ந்ததும் மாற்ற ஓடாதீர்கள். முதல் செட்டுக்கு வெறும் 4. நீங்கள் மாற்றியதும் அடுத்தவருக்கு 6 ஆகிவிடும். நீங்கள் அவருக்குப் படி ஏற்றிக் கொடுக்கிறீர்கள். கட்டாயம் வரும்வரை பொறுப்பதே பெரும்பாலும் லாபம். ஆனால் ஒரு எச்சரிக்கை: கையில் நான்கு சீட்டும் வரைபடத்தில் சொற்பப் படையுமாக நின்றால் உங்களை எல்லோரும் கொழுத்த ஆடாகத்தான் பார்ப்பார்கள். அந்த நிலையில் 4 கிடைத்தாலும் 6 கிடைத்தாலும் மாற்றி, படையாக்கி, வாசலை அடைத்துவிடுங்கள்.

9. ஒருவரை முடிப்பதற்கு முன் ஆறு வரை எண்ணுங்கள்

ஒருவரின் கடைசிப் படையை நீங்கள் அழித்தால் அவர் சீட்டெல்லாம் உங்களுக்கு. அப்படிச் சேர்ந்து உங்கள் கையில் ஆறு அல்லது அதற்கு மேல் ஆனால் அதே சுற்றில், அந்த இடத்திலேயே செட்டை மாற்றலாம். நான்கு அல்லது அதற்குக் கீழே வரும்வரை மாற்றியே ஆக வேண்டும். ஐந்துதான் ஆகிறது என்றால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒரு சீட்டு வித்தியாசத்தில்தான் என் ஒன்பதாவது ஆட்டம் போனது.

அன்று ஏற்காட்டில் வெளியே பத்தடி தெரியாத பனிமூட்டம். என்னிடம் ஐந்து சீட்டு இருந்தது, மூன்றை மாற்றி 12 படை வாங்கினேன். மிச்சம் இரண்டு. அக்காவிடம் நாலே நாடு, மூன்று சீட்டு. துரத்தித் துரத்தி அக்காவை முடித்தேன். மூன்று சீட்டையும் வாங்கி விசிறி மாதிரி பிடித்துக்கொண்டபோதுதான் எண்ணினேன்: ஐந்து. மாற்ற முடியாது. அக்காவைத் துரத்தியதில் என் படைகள் மூன்று கண்டங்களில் ஒற்றை ஒற்றையாகச் சிதறிக் கிடந்தன. சுற்று முடிந்து வாங்கிய ஒன்றோடு ஆறு சீட்டு.

அடுத்தது சித்தப்பா. "ஏங்கண்ணு, ஆறு சீட்டக் கையில வெச்சுக்கிட்டு இப்படி ஒத்தைப் படையா நிக்கறயே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு என்னை முடித்தார். என் ஆறு, அவர் மூன்று, ஒன்பது சீட்டு. இரண்டு செட் மாற்றினார், 15ம் 20ம், 35 படை. தம்பியும் மாமாவும் அதே சுற்றில் போனார்கள். காப்பி நான்தான் போட்டேன், மூன்று பேருக்குக் கூடுதலாக.

ஆகவே யாரையாவது முடிக்கக் கிளம்பும் முன் இரண்டு கூட்டல் போடுங்கள். என் சீட்டும் அவர் சீட்டும் சேர்ந்து ஆறு வருமா? அவர் படைகளும் நாடுகளும் சேர்ந்த செலவு என்னிடம் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒரு சுற்றுகூடத் தள்ளிப்போடாதீர்கள், நீங்கள் விட்டால் அடுத்தவர் முடித்துவிடுவார். ஒன்று இல்லை என்றாலும் அவரைத் தொடாதீர்கள். பாதி அடித்து விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மீதிப் பாதியை அடுத்தவர் மலிவாக முடித்து, சீட்டை அள்ளிக்கொண்டு போவார்.

10. வாயை எப்படி வைத்துக்கொள்வது

அடுத்த சுற்றில் ஜெயிக்கப் போகிறேன் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளாதீர்கள். மாமா நன்றாக ஆடுவார், ஆனால் போனஸ் வாங்கும்போது சத்தமாக எண்ணுவார், உடனே எல்லோரும் அவர் மேல் பாய்வார்கள்.

உடன்படிக்கை செய்தால் எல்லையையும் காலத்தையும் சொல்லிச் செய்யுங்கள். "கிரீன்லாந்து, ஐஸ்லாந்து இரண்டிலும் மூன்று சுற்றுக்கு நான் உன்னைத் தொடமாட்டேன், நீயும் என்னைத் தொடக்கூடாது" என்றால் அதில் சண்டை வராது. "நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்று பொதுவாகச் சொன்னால் முறிக்கும்போது பொங்கல் வரைக்கும் பேசிக் காட்டுவார்கள். சொன்ன காலம் வரை வாக்கைக் காப்பாற்றுங்கள், அதே ஆட்களோடுதான் அடுத்த ஞாயிறும் ஆட வேண்டும்.

ஒருவரின் கண்டத்தை உடைக்க வேண்டும் என்றால், போனஸ் அதிகம் வாங்குபவரைக் காட்டி, "இவரை யார் தடுப்பது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பத்தில் ஏழு தடவை வேறு யாராவது போய்த் தலையைக் கொடுப்பார்கள்.

11. முடியாமல் நின்றுபோனால்

மின்சாரம் போகும், விருந்தாளி வருவார், மலையிலிருந்து கீழே இறங்க வேண்டியவருக்குப் பஸ் போய்விடும். உடனே கலைக்காதீர்கள். வரைபடத்தை மேலிருந்து இரண்டு படம் எடுங்கள், ஒன்றில் எண்கள் தெளிவாக இல்லாவிட்டால் இன்னொன்று உதவும். ஒவ்வொருவர் சீட்டையும் தனித்தனி உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். யாருடைய முறை, அடுத்த செட்டுக்கு எத்தனை படை, இந்த இரண்டையும் விதி எழுதிய தாளின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். உறைகளைப் பெட்டியில் வைக்காமல், ஆடாத ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது சித்தி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைப்பார்.